மலையைக் குடைந்தவரும் கிணற்றை இழந்தவரும்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி இலங்கை ஜனாதிபதியும் ஈரான் ஜனாதிபதியும் உமா ஓயாப் பல்நோக்குத் திட்டத்தைத் திறந்து வைத்தனர். ஊவா மலைகளின் ஊடாகப் பதினைந்து கிலோமீட்டர் நீளத்துக்குக் குடையப்பட்ட சுரங்கம். நிலத்தின் அடியிலே அமைந்த மின்னிலையம். 120 மெகாவாற்று மின்வலு. மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர். இதனைப் பொறியியற் சாதனை என்று போற்றுவோருடன் வாதிட நாம் வரவில்லை. அது சாதனைதான். ஆயின் அச்சாதனையின் கணக்கேட்டில் ஒரு பக்கம் உண்டு. பண்டாரவளையைச் சூழ்ந்த கிராமங்களில் வற்றிய கிணறுகளும் வெடித்த சுவர்களும் அந்தப் பக்கத்துக்கு உரியவை. விழா மேடைகளில் விரிக்கப்படாத அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரை மணலில் வாழும் கல்முனைக்காரருக்கு மலைச் சுரங்கத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். நமது வட்டைகளில் விளையும் நெல் மலையிலிருந்து இறங்கும் நீரைக் குடித்தே விளைகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் சேனநாயக்க சமுத்திரமும் இல்லையேல் சம்மாந்துறையினதும் நிந்தவூரினதும் வயல்வெளிகள் இன்றுள்ளவாறு இரா. நமது இளைஞர் பலர் வளைகுடா நாடுகளின் கட்டட வேலைத்தலங்களில் உழைக்கின்றனர். அங்கே பாதுகாப்பு என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இவற்றுக்கும் மேலாக ஒலுவிலில் நாம் ஒரு பாடத்தைக் கண்ணாரக் கண்டோம். 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கடல் நிலத்தைத் தின்றது. தென்னை சாய்ந்தது, வாடி போயிற்று, துறைமுக வாயிலும் மணலால் அடைபட்டது. கடலிலே சுவர் கட்டினாலும் மலையிலே துளை போட்டாலும் எழும் கேள்வி ஒன்றுதான்: இயற்கையின் போக்கில் கை வைக்கும்போது, நிறுத்து என்று சொல்லும் உரிமை எவரிடம் இருக்கிறது?

உமா ஓயாவில் நிகழ்ந்தது என்ன? மலை என்பது வெறுங் கல் அன்று. அதன் வெடிப்புகளிலும் மடிப்புகளிலும் நூற்றாண்டுகளாக ஊறிய நீர் நிற்கிறது. அந்நீரே மேலே கிணறாகவும் ஊற்றாகவும் வெளிப்படுகிறது. அதன் அடியிலே சுரங்கம் குடைவது நிறைகுடத்தின் அடியில் துளையிடுவதற்கு ஒப்பாகும். ஆகவே பொறியியலாளர் இயந்திரத்துக்கு முன்னால் நீண்ட துளைகளை இட்டுப் பாறையைச் சோதிக்கின்றனர். நீர் காணப்படின் சீமெந்துக் கலவையை அழுத்தத்துடன் செலுத்தி வெடிப்புகளை முதலில் அடைக்கின்றனர். அதன் பின்பே குடைகின்றனர். இது எவரும் அறியாத இரகசிய வித்தை அன்று. ஆனால் இதற்கு நாட்கள் வேண்டும், பணம் வேண்டும். சோதனைத் துளை இடும் நேரத்தில் இயந்திரம் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் இயந்திரம் ஒப்பந்தக்காரருக்கு நட்டம்.

2014 டிசம்பரில் உமா ஓயாச் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின; நிலம் அமிழ வீடுகள் வெடித்தன. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குக் குறைவறியாத குளிர்ந்த மலைநாட்டில், குடும்பங்கள் பவுசர் வரும் வரை வாளியுடன் காத்து நின்றன. 2017இல் மீண்டும் நீர் புகுந்தது. அவ்வாண்டு ஜூனில் பண்டாரவளையில் ஆயிரக்கணக்கான மக்கள் வீதிக்கு இறங்கினர். அதன் பின்னரே அமைச்சரவை உபகுழு, வெளிநாட்டு நிபுணர், நட்டஈடு என்ற சொற்கள் உரத்து ஒலிக்கத் தொடங்கின. முதற் கசிவுக்கும் அந்த ஊர்வலத்துக்கும் இடையே இரண்டரை ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த இரண்டரை ஆண்டுகளுக்குப் பொறுப்பு மூன்று தரப்பினருடையது என்பது நமது கருத்து: ஒழுங்குபடுத்தும் அரசு, கட்டும் ஒப்பந்தக்காரர், பொதுமக்களாகிய நாம்.

முதலில் அரசு. இந்நாட்டில் சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் இருக்கிறது. 1988இல் செய்யப்பட்ட திருத்தம், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து முப்பது நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும் என்றும் விதித்தது. நல்ல சட்டம். ஆயின் உமா ஓயாவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2008 ஏப்ரலில். மதிப்பீட்டறிக்கை மக்கள் முன் வந்தது அதற்குப் பின்னர். இரு நாட்டுத் தலைவர்கள் கல்லை நட்ட பின்னர் எந்த அதிகாரி எழுந்து, இம்மலையின் நீரோட்டம் போதிய அளவு ஆராயப்படவில்லை, சற்றுப் பொறுங்கள் என்று சொல்லத் துணிவார்? கல்யாணம் முடிந்த பின் பொருத்தம் பார்ப்பவனின் நிலை அது. பொருத்தம் இல்லை என்று கண்டாலும் சொல்ல வாய் வராது.

இவ்விடத்தில் அரசின் இரட்டை வேடத்தையும் கவனிக்க வேண்டும். ஈரானின் கடனுடன் தொடங்கிய இத்திட்டம், அந்நாட்டின் மீதான பொருளாதாரத் தடைகளால் கடன் நின்றபோது இலங்கையின் பணத்திலேயே பெரும்பாலும் தொடர்ந்தது. ஆகவே திட்டத்தின் உரிமையாளரும் அரசு. பணம் கொடுப்போரும் அரசு. பிழை கண்டால் தடுக்க வேண்டியதும் அரசின் இன்னொரு திணைக்களம். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் திறைசேரியைச் சுடுகின்ற வேளையில், அதே அரசின் சிறிய அதிகாரி பெரிய அமைச்சை மறித்து நிற்பார் என எதிர்பார்ப்பது பேதைமை. அதிகாரிகளின் தனிப்பட்ட நேர்மையை நாம் ஐயுறவில்லை. அவர்களது நாற்காலி யாருடைய தயவில் நிற்கிறது என்றே கேட்கிறோம்.

மக்களைக் கேளாது போடப்படும் விதி எத்தகையது என்பதை நமது கடற்கரை நன்கறியும். 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு போயிற்று. இலங்கையிலேயே பேரிழப்பு நம்முடையதுதான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கபன் பொதிய வெள்ளைத் துணி போதாமற்போன அந்நாட்களின் ஈரம் காயுமுன்னரே, வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் வீடு கட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டது. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய துண்டு நிலத்தில் நெருங்கி வாழும் மக்கள் எங்கே போவர் என்று எவரும் கேட்கவில்லை. பின்னர் அந்த அளவே தளர்த்தப்பட்டது. பாதுகாப்பின் பெயரால் வந்த விதி பாதுகாப்பையும் தரவில்லை, சட்டத்தின் மீதிருந்த மதிப்பையும் குறைத்தது. விதி கடுமையாக இருந்தாற் போதும் என்று எண்ணும் நண்பர்கள் இதனை மறக்கலாகாது.

அடுத்து ஒப்பந்தக்காரர். அவரைக் கொடியவர் என்று ஏசுவது எளிது. அதனால் ஒன்றும் விளங்காது. ஒப்பந்தம் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். சுவிற்சர்லாந்தின் கொத்தார்ட் இரயிற் சுரங்கம் 1872இல் தொடங்கி 1882இல் முடிந்தது. உமா ஓயாச் சுரங்கத்தைப் போல அதுவும் பதினைந்து கிலோமீட்டர். தவணை தவறினாற் பெருந்தண்டம் என்று ஒப்பந்தம் கூறிற்று. ஒப்பந்தக்காரர் லூயி பவ்ர் அவசரத்தை மேலிருந்து கீழே தள்ளினார். அது புகையாகவும் நோயாகவும் தொழிலாளரின் நெஞ்சில் இறங்கியது. 1875இல் கோஷனன் ஊரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். பவ்ர் கூட 1879இல் அச்சுரங்கத்தினுள்ளேயே இறந்தார். அவசரத்துக்கு விலை வைத்த அந்த ஒப்பந்தம் முதலாளியையும் விட்டு வைக்கவில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இலண்டனில் இதே நாடகத்தின் இன்னொரு காட்சி அரங்கேறியது. 1994 அக்டோபரில் ஹீத்ரோ விமான நிலையத்துக்கான இரயிற் சுரங்கங்கள் இடிந்தன. உயிர்ச்சேதம் நேராதது நற்பேறு. விசாரணையில் வெளிப்பட்ட குறைகளுள் ஒன்று, ஒப்பந்தக்காரர் தமது வேலை சரியென்று தாமே சான்றிதழ் எழுதிக்கொண்டமை. 1999இல் ஒப்பந்த நிறுவனத்துக்கும் ஆலோசக நிறுவனத்துக்குமாக 17 இலட்சம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் 2003இல் சுரங்க வேலைகளின் ஆபத்தை முன்கூட்டியே கணித்து நிருவகிக்கும் நெறிக்கோவை ஒன்று பிரித்தானியாவில் வந்தது. அதனை உருவாக்கியவர்களுள் காப்புறுதி நிறுவனங்கள் முன்னணியில் நின்றன. தொழிலாளியின் சவம் செய்யாததை நட்டஈட்டுக் கணக்கு செய்தது. மூலதனத்துக்குத் தன் பணம் போகும்போதுதான் கண் திறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? ஆயினும் இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆபத்தின் விலையை அதனை உண்டாக்குபவர் தலையிலேயே முன்கூட்டிச் சுமத்தினால் அவர் எச்சரிக்கை கொள்வார். பண்டாரவளையில் அவ்விலையைச் சுமந்தது கிணற்றுக்காரர்.

கிணற்றுக்காரரைப் பேசும்போது சுரங்கத்தின் உள்ளே நிற்பவரை மறக்கலாகாது. 2023 நவம்பர் 12, தீபாவளி நாள். இந்தியாவின் உத்தராகண்டில் சில்க்யாரா வீதிச் சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர் உள்ளே அகப்பட்டனர். ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா போன்ற வறிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். 2018இல் அனுமதிக்கப்பட்ட திட்டத்தில் தப்பிச் செல்லும் வழி சொல்லப்பட்டிருந்தது. இடிந்த நாளில் அவ்வழி இல்லை. அச்சுரங்கம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமான வீதித் திட்டம் ஒன்றின் பகுதி. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வீதி விரிவாக்கத்துக்கே சுற்றாடல் மதிப்பீடு வேண்டும் என்பது அந்நாட்டு விதியாதலால், முழுத் திட்டமும் 53 துண்டுகளாக வெட்டப்பட்டது. விதியை மீறாமலே விதியைக் கொல்லும் கலை இது. பதினேழு நாட்களின் பின்னர் நாற்பத்தொருவரும் உயிருடன் மீண்டனர். பெரிய துளையிடும் இயந்திரம் உடைந்தபின், கடைசிப் பன்னிரண்டு மீற்றரளவைக் கையால் தோண்டி அவர்களை அடைந்தவர்கள் எலிவளைத் தொழிலாளர். அவர்களது தொழில்முறை ஆபத்தானது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை செய்திருந்தது. ஏழையின் உயிரை மீட்க இறுதியில் ஏழையின் கையே வந்தது. 2025 பெப்ரவரி 22இல் தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கத்தில் அகப்பட்ட எண்மருக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை.

ஆபத்து நெருங்கிவிட்டது என நம்பத் தக்க காரணம் இருந்தால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 1988ஆம் ஆண்டுக் கட்டடத்தொழிற் சமவாயம் கூறுகிறது. ஆனால் நாட்கூலிக்கு நிற்பவன், தரகனிடம் முற்பணம் வாங்கியவன், மொழி தெரியாத ஊரில் கூடாரத்தில் தங்கியவன் அவ்வுரிமையை எவ்வாறு பாவிப்பான்? சங்கம் இல்லாத இடத்தில் உரிமை காகிதமே.

இனி மூன்றாம் தரப்புக்கு வருவோம். மக்களைக் குற்றமற்றவர்களாகச் சித்திரிப்பது முற்போக்குப் பத்திரிகைகளின் பழைய பலவீனம். நாம் அதனைச் செய்யப் போவதில்லை. முப்பது நாட் கருத்துக் காலத்தில் நம்மில் எத்தனை பேர் ஓர் அறிக்கையைத் திறந்து பார்த்திருக்கிறோம்? ஒலுவிலில் துறைமுகம் வருகிறது என்றபோது தொழில் கிடைக்குமா என்று கேட்டோம். மணல் எங்கே போகும் என்று கேட்டவர் மிகச் சிலர். பண்டாரவளையில் கிணறு வற்றியபோது அது சிங்கள ஊரின் துயர் என்று தமிழ் பேசும் நாம் எண்ணினோம். அம்மலையிலேயே தோட்டத்து லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரும் அதே நீரைத்தான் குடிக்கின்றனர் என்பது நமக்கு உறைக்கவில்லை. நிலத்தடி நீர் இனம் பார்த்து ஓடுவதில்லை. நாம் பிரிந்து நிற்பதைக் காண்போருக்கு அது வசதியாயிற்று.

இன்னொரு நியாயத்தையும் மறைக்கலாகாது. மொனராகலையின் கமக்காரனுக்குத் தண்ணீர் வேண்டும். அவனது வறட்சியும் உண்மையானது. நாட்டுக்கு மின்சாரமும் வேண்டும். சுரங்கமே வேண்டாம் என்ற கூச்சல் அவனைப் பகைவனாக்கும். கீழ்நாட்டு ஏழைக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு மலைநாட்டு ஏழையின் கிணற்றைப் பறிப்பது ஏன் ஒரே வழியாக்கப்பட்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வேறு வழி இருந்தது என்பதற்குச் சுவீடனின் ஹலாந்தோஸ் சுரங்கம் சான்று. அங்கும் 1992இல் அவசரமாகத் தொடங்கினார்கள். அங்கும் நீர் கசிந்து நிலத்தடி நீர் இறங்கியது. கசிவை அடைக்கப் பாவித்த இரசாயனம் 1997இல் ஓடைகளில் கலந்தது. மாடுகள் முடங்கின, மீன்கள் செத்தன, தொழிலாளரின் நரம்புகள் பாதிப்புற்றன. மக்கள் கொதித்தெழ வேலை நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகளின் பின் மீண்டும் தொடங்கியபோது, இவ்வளவுக்கு மேல் நிலத்தடி நீரை வெளியேற்றலாகாது என்ற எல்லையைச் சுற்றாடல் நீதிமன்றம் விதித்திருந்தது. முன்னதாகவே பாறையை அடைத்து, நீர் புகாத வளையங்களைப் பதித்து, ஆறுதலாகக் குடைந்தார்கள். 2015இல் முடிந்தது. எல்லை விதிக்கப்பட்டபின் பொறியியலாளருக்கு வழி தோன்றியது. எல்லை இல்லாதபோது அவ்வழிக்குத் தேவையே இருக்கவில்லை.

நமது வயல்வெளியிலும் இதற்கொரு முன்மாதிரி உண்டு. அதை நாம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. சமுத்திரத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சபையில் சொல்ல வேண்டும். எத்தனை ஏக்கர் விதைப்பது, என்று திறப்பது, என்று பூட்டுவது என்பன கமக்காரர் முன்னிலையில் முடிவாகின்றன. வட்டைவிதானை எழுந்து கேள்வி கேட்கிறார். போடிமாரின் குரல் அங்கே உரத்தும் குத்தகைக்காரனின் குரல் தாழ்ந்தும் ஒலிப்பதை நாம் அறிவோம். அக்கூட்டத்தைப் பொன்னுலகமாகக் காட்டவில்லை. ஆயினும் அங்கே ஒரு நல்ல விதி வாழ்கிறது: நீரின் அளவு இரகசியம் அன்று, முடிவு விதைப்புக்கு முன்னரே. ஒரு போகத்து நெல்லுக்கு உள்ள இம்மரியாதை, நூறாண்டு நிலைக்கப்போகும் சுரங்கத்துக்கு ஏன் இல்லை?

ஆகவே நாம் கேட்பன சில. குடையத் தொடங்குமுன் அச்சுரங்கத்தின் மேலுள்ள ஒவ்வொரு கிணற்றின் ஆழமும் நீர்மட்டமும் பதியப்பட வேண்டும். அப்பதிவின் பிரதி கிணற்றுக்காரரின் கையில் இருக்க வேண்டும். சுரங்கத்துள் புகும் நீரின் அளவு பிரதேச செயலகத்தின் சுவரில், மக்கள் மொழிகளில், வாரந்தோறும் ஒட்டப்பட வேண்டும். இன்ன அளவைத் தாண்டினால் வேலை நிற்கும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். அவ்வாறு நிற்கும் நாட்களுக்குத் தண்டம் கூடாது. நட்டஈட்டுப் பணம் முன்கூட்டியே வைப்பிலிடப்பட வேண்டும். மேற்பார்வை செய்பவர் திட்ட உரிமையாளரிடம் சம்பளம் பெறுபவராக இருத்தலாகாது. தொழிலாளருக்குச் சங்கமும், அச்சங்கத்துக்கு நிறுத்தும் உரிமையும் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் நடைமுறைக்கு ஒவ்வாத கனவு அன்று.

இப்பக்கங்களை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் நேரான வேலை உண்டு. கயிறும் அளவுகோலும் ஒரு கொப்பியும் இருந்தால் ஒரு வகுப்பு முழுவதும் தன் ஊர்க் கிணறுகளை மாதந்தோறும் அளந்து எழுதலாம். பண்டாரவளையில் 2014க்கு முந்திய பத்தாண்டுக்கு அத்தகைய ஒரு கொப்பி இருந்திருப்பின், உங்கள் கிணறு வற்றியதற்கும் எங்கள் சுரங்கத்துக்கும் தொடர்பு என்ன என்று கேட்போருக்கு அதுவே விடையாக நின்றிருக்கும். நமது மணற்பாங்கிலும் கிணற்றில் உப்பேறுகிறது, கரை அரிக்கிறது. இவற்றையும் எவரேனும் அளந்து வைக்கத்தான் வேண்டும்.

எழுத்தாளருக்கும் கடமை உண்டு. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் 1930, 31ஆம் ஆண்டுகளில் ஹோக்ஸ் நெஸ்ற் சுரங்கம் குடைந்த தொழிலாளர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், கல்தூசியைச் சுவாசித்து நூற்றுக்கணக்கில் மாண்டனர். 1936இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தது. மியூரியல் ருகைசர் என்ற இளங்கவி அவ்வூருக்கே சென்று, விசாரணைச் சாட்சியங்களையும் சேர்த்து, 1938இல் ஒரு நெடுங்கவிதைத் தொடரை வெளியிட்டார். நமது புனைகதையில் வயலும் கடலும் தேயிலையும் இடம் பெற்றிருக்கின்றன. வாளியுடன் பவுசருக்குக் காத்து நின்ற பண்டாரவளைப் பெண்ணும், பூமிக்கடியில் சேற்றில் நின்று இயந்திரம் தள்ளியவனும் இன்னும் நமது கதைகளுக்குள் வந்து சேரவில்லை. கல்முனையிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு பகற்பொழுதுப் பயணந்தான். போய்ப் பார்த்து வந்து எழுதுவோருக்கு இப்பத்திரிகையின் பக்கங்கள் திறந்தே இருக்கும்.